நிலாக்குழிக்கு ஊற்றிய தண்ணீர்

தேங்காய்த் தண்ணீர் விழுந்த இடத்தில் ஈரமே இல்லை.

குணசீலன் குனிந்து பார்த்தார். விளக்கின் பக்கமாகத் தலையைச் சாய்த்தும் பார்த்தார். மூடி நிறைய இருந்த தண்ணீரை அப்போதுதான் அந்த வெள்ளைப் பொடியின் மேல் கவிழ்த்திருந்தார். கோதுமை மாவில் சிந்தியிருந்தால்கூட இரண்டு உருண்டையாவது கட்டியிருக்கும். இங்கே ஒரு கறை இல்லை, பொடி நகர்ந்த அடையாளம்கூட இல்லை. ஒரு சத்தம் மட்டும் வந்தது. நல்ல தாகத்தில் இருப்பவன் முதல் மடக்கை விழுங்கும்போது தொண்டையில் கேட்குமே, அந்தச் சத்தம். தன் தொண்டைதான் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"தாயே, தண்ணி குடு" என்று வாய் தன்னால் சொல்லி முடித்தது. சொன்ன பிறகுதான் அவருக்கே சிரிப்பு வந்தது. இங்கே யாருக்குத் தண்ணீர் வேண்டும்? இது போர்க்கிணறு போடும் இடமே இல்லை.

திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஆந்திரா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று பாதி ஆயுளைத் தொலைத்தவர் அவர். போர் வண்டிக்காரன் எந்த மண்ணையும் சும்மா தொடமாட்டான். பாயிண்ட் குறித்த இடத்தில் கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, அந்தத் தண்ணீரை முதலில் மண்ணுக்குக் கொடுத்துவிட்டுத்தான் மண்ணிடம் தண்ணீர் கேட்பான். முட்டியும் முதுகும் போய், இருமல் நெஞ்சிலேயே குடியேறி, வண்டியை விட்டு இறங்கியாகிவிட்டது. ஆனாலும் கை பழக்கத்தை விடவில்லை.

இப்போது அவர் வேலை பார்ப்பது ஒரு பழைய கோழிப்பண்ணையில். கோழிகள் போய் வருஷங்கள் ஆகியும், மழை ஈரத்தில் எச்சத்தின் காரவாடை சுவரிலிருந்து கிளம்பி வரும். நீளமான அந்தக் கொட்டகையின் பக்கங்களைத் தகரம் வைத்து அடைத்து, உள்ளே முழுக்கக் கறுப்பு அடித்து, தரையில் முழங்கால் உயரத்துக்கு வெள்ளைப் பாறைப்பொடியைக் கொட்டியிருந்தார்கள். நாமக்கல் பக்கத்துப் பாறை ஒன்று நிலாவின் பாறையோடு ஒத்துப்போகிறதாம். அதை அரைத்துப் பரப்பி, அதன் மேல் ஒரு சின்ன வண்டியை ஓட்டிப் பார்க்கப் பெங்களூரிலிருந்து ஆட்கள் வரப்போகிறார்கள். வண்டி ஏறி இறங்குவதற்கு ஒரு குழி வேண்டும். அதைச் செய்வதுதான் குணசீலனின் வேலை.

குழி என்றால் சும்மா குழி இல்லை. வேலையைப் பார்த்துக்கொள்ளும் கிருத்திகா, சூரமங்கலத்திலிருந்து தினமும் ஸ்கூட்டரில் வரும் பெண், ஒரு போட்டோவைச் சுவரில் ஒட்டியிருந்தாள். நிலாவில் எங்கேயோ இருக்கும் ஒரு சின்னக் குழி. கல் ஒன்று வந்து விழுந்து உண்டானது. சட்டி போன்ற பள்ளம், சுற்றிலும் உயர்ந்த விளிம்பு, விளிம்புக்கு வெளியே சிதறிய கற்கள், நான்கு பக்கமும் வெள்ளைக் கோடுகளாக வாரியடித்த பொடி. பார்த்தவுடனே குணசீலனுக்குத் தெரிந்த காட்சியாக இருந்தது. போர் போடும்போது கம்ப்ரசர் காற்றில் பாறைமாவு பீய்ச்சிக்கொண்டு வந்து வாயைச் சுற்றி இப்படித்தான் வட்டமாகக் குவியும்.

"அண்ணா, ஒண்ணே ஒண்ணு" என்று முதல் நாளே அவள் சொல்லியிருந்தாள். "உள்ளே சொட்டு ஈரம் ஆகாது. பொடியை அடுப்பில் வறுத்துக் கொட்டியிருக்கோம். தண்ணி பாட்டில்கூட வெளியிலேயே வெச்சிடுங்க."

நியாயமான பேச்சுத்தான். அவர் தலையாட்டினார். ஆனால் குழி வெட்டப்போகும் காலையில், வரும் வழியில் கடை திறக்காததால், வீட்டுச் சாமி அறையில் மஞ்சள் பூசி வைத்திருந்த தேங்காயை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். அவள் போன் பேச வெளியே போன நேரம் பார்த்து உடைத்தார். ஒரு தேங்காய்தானே.

*

விளக்கு ஒன்றே ஒன்று. கொட்டகையின் கிழக்குக் கோடியில், தரையோடு தரையாக வைத்திருந்தார்கள். அதுதான் அங்கே சூரியன். நிலாவில் காற்று இல்லாததால் நிழலுக்குள் வெளிச்சம் கசியாது என்று கிருத்திகா விளக்கியிருந்தாள். அதனால் நட்டநடுப் பகலில்கூட உள்ளே போனால் பாதி உலகம் பளீரென்று வெளுத்தும், மீதிப் பாதி எதுவுமே இல்லாததுபோலக் கறுத்தும் கிடக்கும். கூழாங்கல்லின் நிழல் ஓர் ஆள் நீளத்துக்கு ஓடும். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் ஐப்பசி மழை தட்டிக்கொண்டேயிருக்க, கீழே அவர் கொத்தனார் கரண்டியால் பொடியை வாரி விளிம்பு கட்டுவார், தட்டுவார், கல்லை ஒவ்வொன்றாகப் போட்டோ பார்த்து நடுவார். பகலில் செய்யும் வேலைதான். என்றாலும் சாயங்காலம் வெளியே வந்தால் எங்கோ தூரதேசம் போய்விட்டு வந்த அசதி உடம்பில் இருக்கும்.

முதலில் உதடு வெடித்தது. பிறகு குதிகால். வெளியே கதவோரம் நிறைத்து வைத்த பாட்டில், மூடி திருகியபடியே, மத்தியானத்துக்குள் அரையாகிவிட்டது. மழையில் நனைந்து வந்து ஆணியில் தொங்கவிட்ட துண்டு கொஞ்ச நேரத்தில் அப்பளம் மாதிரி விறைத்து நின்றது. ஊரெல்லாம் சுவர் பூஞ்சை பிடிக்கும் மாதத்தில் இந்த ஒரு கொட்டகை மட்டும் காய்ந்துகொண்டே போனது. கிருத்திகா தன் ஈரம் பார்க்கும் கருவியைத் தட்டித் தட்டிப் பார்த்தாள்.

"ஜீரோவுல நிக்குது அண்ணா. மழையில எப்படின்னு புரியல. கருவி ரிப்பேரா?"

"தெரியிலீங்க மேடம்" என்றார் அவர். அவருக்கு இருமல் வந்தது. இருமினால் சளி வரவில்லை, வெறும் காற்றுத்தான் வந்தது.

வீட்டுக்குப் போனால் மகள் நித்யஸ்ரீ வாசற்படியில் சொம்போடு உட்கார்ந்திருப்பாள். எடப்பாடியில் கட்டிக் கொடுத்த பெண். கட்டுச்சோறு விருந்து வைத்து, மடி நிறைத்து, தலைப்பிரசவத்துக்கு அழைத்து வந்திருந்தார்கள். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து, இரண்டு முறை தங்காமல் போய், மூன்றாவதாக நின்ற கரு. அந்த வீட்டில் எல்லோரும் மெதுவாக நடந்தார்கள், மெதுவாகப் பேசினார்கள். குணசீலன் இந்த வயதில் கரண்டி பிடிப்பதே இந்தப் பிரசவத்துக்காகத்தான்.

"அப்பா, இங்க பாருங்கப்பா" என்று ஒரு நாள் அவள் கூப்பிட்டாள். வயிற்றின் இடது பக்கம், சேலைக்கு மேலே, சுண்டைக்காய் அளவில் ஏதோ ஒன்று உள்ளிருந்து அழுத்தி எழும்பி, மெதுவாக நகர்ந்து, விலாப்பக்கம் போய் அடங்கியது.

"குதிகாலுங்கப்பா. ஓட்டம் உடுது."

அவர் சிரித்தார். மனசு நிறைந்துபோய்க் கண்ணில் தண்ணீர் வந்துவிடும் போலிருந்தது. வரவில்லை. கண் எரிந்தது, அவ்வளவுதான்.

"தாகமா இருக்குதுங்கப்பா" என்றாள் அவள். "எத்தன குடிச்சாலும் நாக்கு ஒட்டுது."

*

அந்த வாரக் கடைசியில் ஸ்கேன் எடுத்துவிட்டு வந்த மனைவி ஜோதி, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றாள்.

"ஏனுங்க, பனிக்கொடத்துத் தண்ணி கொறஞ்சிருக்குதுன்னு டாக்டரம்மா சொல்றாங்க. கொழந்தையச் சுத்தி ஒரு சொம்புத் தண்ணியாச்சும் இருக்கோணுமாமா. அதுல பாதிகூட இல்லியாமா."

"நெறையாக் குடிக்கச் சொல்லு."

"கொடங்கொடமாத்தான் குடிக்கறா. எங்க போவுதுன்னே தெரியில." அவள் செருப்பை உதறிவிட்டுச் சாமி அறைக்குள் போனாள். உள்ளே பாத்திரங்களை நகர்த்தும் சத்தம் கேட்டது. பிறகு சத்தம் நின்றது.

"இங்க வெச்சிருந்த தேங்கா எங்கீங்க?"

அவர் குனிந்து அவள் உதறிய செருப்பை ஓரமாக வைத்தார்.

"மஞ்சப் பூசி வெச்சிருந்தனுங்க. கட்டுச்சோத்தன்னைக்கு அவ மடியில கட்டின தேங்கா. கொழந்தை பொறந்து தண்ணி வாத்தப்பறந்தான் ஒடைக்கோணும்னு எடுத்து வெச்சிருந்தன். எலி கிலி உருட்டீட்டுப் போச்சா?"

குணசீலன் சுவரைப் பிடித்துக்கொண்டார். மகளின் மடியில் இருந்த தண்ணீர். அதைக் கொண்டுபோய், அன்றுவரை தண்ணீர் என்ற ஒன்றையே கண்டிராத மண்ணுக்கு, வலியக் கொடுத்து, போதாக்குறைக்குத் தண்ணி குடு என்றும் கேட்டிருக்கிறார். மற்ற மண் தின்ற மண், குடித்த மண். ஒரு தேங்காயில் திருப்தி ஆகிவிடும். இதற்கு அதுதான் முதல் மடக்கு. ருசி கண்டுவிட்டது.

"எலியாத்தான் இருக்கும்" என்றார். சொல்லியிருக்கலாம். சொல்லத் திராணியில்லை.

*

மறுநாள் கிருத்திகா வருவதற்கு முன்னாலேயே போய்விட்டார். விளக்கைப் போட்டதும் குழியின் விளிம்பு நிழல் சட்டென்று உள்ளே விழுந்தது. பக்கவாட்டில் இறங்கி, டார்ச் அடித்து அடிமட்டத்தைப் பார்த்தார். தேங்காய்த் தண்ணீர் ஊற்றிய அதே இடத்தில், ரூபாய்க் காசு அகலத்தில், பொடி கறுத்திருந்தது. விரலை வைத்தார். ஈரம். அந்தப் பொடியில் இத்தனை நாளில் அவர் தொட்ட முதல் ஈரம். விரலை மூக்கருகில் கொண்டுபோனார். புது மண் வாடை இல்லை, மழை வாடை இல்லை. ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டு நடையில் நிற்கும்போது வருமே, அந்த இளஞ்சூட்டு வாடை.

மேலே ஏறி, சுற்றியிருந்த பொடியையெல்லாம் வாரி உள்ளே தள்ளினார். மூச்சிரைத்தது. நெஞ்சு அடைத்தது. விளிம்பை உடைத்தார், தள்ளினார், மிதித்தார். தண்ணீர் வராத போரை மூடுவதுபோல, மட்டமாக்கிய இடத்தின் நடுவில் வெளியிலிருந்து ஒரு பெரிய கருங்கல்லை உருட்டி வந்து வைத்தார். வேலை போனால் போகட்டும். வெளியே வந்து படியில் உட்கார்ந்து, கிருத்திகாவிடம் என்ன சொல்வதென்று யோசித்தபடியே சுவரில் சாய்ந்தார். கண் சொருகிவிட்டது. ஸ்கூட்டர் உள்ளே வந்ததுகூடத் தெரியவில்லை.

"அண்ணா! இங்க வாங்க!"

அவர் எழுந்து போனார். திட்டு வாங்கத் தயாராகத்தான் போனார்.

குழி இருந்தது. விளிம்பு கூராக, சரிவு வழவழப்பாக, வெள்ளைக் கோடுகள் நாலா பக்கமும் ஓட, கற்கள் அதது அதன் இடத்தில். அவருடைய கால் தடம்கூட இல்லை. அவர் மூடியாக வைத்த கருங்கல் விளிம்புக்கு வெளியே உருண்டு கிடந்தது. உருண்டு வந்த தடம் பள்ளத்தின் அடியிலிருந்து மேல்நோக்கி ஏறியிருந்தது.

"இந்தக் கல்லை விட்டுட்டோம்னு நேத்துதான் எனக்கு உறைச்சது" என்றாள் கிருத்திகா. போட்டோவில் விரல் வைத்துக் காட்டினாள். அங்கே, நிலாவின் குழிக்கு வெளியே, அதே இடத்தில் அதே கல். பின்னால் அதே தடம். "அச்சு அசலா அப்படியே வந்திருக்கு. அங்க காத்தும் இல்ல, தண்ணியும் இல்ல. ஒருதடவ உண்டான குழி லட்சக்கணக்கான வருஷமானாலும் மூடாது. நீங்க அதையே கொண்டுவந்து வெச்ச மாதிரி இருக்கு."

"மேடம், இதைக் கலைச்சிடலாமுங்களா?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். வெடித்த உதட்டையும் குழிந்த கண்ணையும் பார்த்திருக்க வேண்டும். குரல் இறங்கியது. "உடம்புக்கு முடியலையா அண்ணா? பொண்ணுக்கு மாசம்னு சொன்னீங்கல்ல. ரெண்டு நாள் வீட்ல இருங்க. இங்க இனி ஒண்ணும் செய்ய வேண்டியதில்ல. எல்லாம் முடிஞ்சுது."

*

இரண்டாவது ஸ்கேன் நாளன்று ஆட்டோ வாசலில் நின்றது. நித்யஸ்ரீயைத் தாங்கி ஏற்றினார்கள். முகம் சுண்டி, கன்னத்தோல் எலும்போடு ஒட்டியிருந்தது. சொம்பை மடியிலேயே பிடித்திருந்தாள்.

"நேத்திருந்து ஓடவே இல்லீங்கப்பா" என்றாள். "தூங்குதாட்டம் இருக்குது."

"ஆமா சாமி, தூங்கும்." அவர் ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நீங்க முன்னால போங்க. நான் வாரேன்."

"இன்னைக்குமா வேல?" ஜோதி கேட்டாள். கோபம்கூட இல்லை அவள் குரலில். களைப்புத்தான்.

பண்ணைக்குப் போகும் வழியில் கடை திறந்திருந்தது. பெரிய தேங்காய்களாகப் பார்த்துச் சாக்கு நிறைய வாங்கினார். கொட்டகைக்கு வெளியே மழைத்தண்ணீர் பிடிக்கும் டிரம் விளிம்பு வரை நிறைந்திருந்தது. கிருத்திகா அன்று வரவில்லை. மத்தியான நேரம். வானம் மூடிக்கிடந்தது. உள்ளே போய் விளக்கைப் போட்டார்.

ஒவ்வொரு தேங்காயாக விளிம்பில் உடைத்துக் கவிழ்த்தார். குழி விழுங்கியது. குடத்தில் மழைத்தண்ணீரை மொண்டு வந்து ஊற்றினார். ஊற்றினார். மறுபடியும் போய் மொண்டு வந்து ஊற்றினார். தண்ணீர் பொடியைத் தொடும்போதே காணாமல் போனது. ஈரமில்லை. கறையில்லை. விழுங்கும் சத்தம் மட்டும். இப்போது அது தன் தொண்டை இல்லை என்று அவருக்குத் தெரிந்தது.

"தாயே, இதை எடுத்துக்கோ. எத்தன வேணுமின்னாலும் எடுத்துக்கோ. அத உட்ரு."

டிரம் காலியானது. குழிக்குள் இறங்கினார்.

அடியில், விளிம்பின் கறுத்த நிழலுக்குள், ஏதோ மின்னியது.

டார்ச்சை அடித்தார். தண்ணீர். கலங்காத தண்ணீர். சட்டி அகலத்துக்கு, வட்டமாக, அசையாமல் நின்றது. அவர் ஊற்றியது எதுவும் அதில் சேரவில்லை. அளவு, டாக்டரம்மா சொன்ன அதே அளவு. ஒரு சொம்பு. இருந்தால் ஒரு சொம்பு.

மண்டியிட்டார். காலிக் குடத்தை எறிந்துவிட்டு இரண்டு கையையும் குவித்தார். எப்படியாவது அள்ளிவிட வேண்டும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட வேண்டும். கொண்டுபோய் என்ன செய்வது? தெரியாது. அள்ள வேண்டும். கை உள்ளே போனது.

சூடு. உடம்புச் சூடு.

கையை உருவிக்கொண்டார். விரலில் ஒரு சொட்டுக்கூட ஒட்டவில்லை. தோல் மட்டும் சுருங்கி வெளுத்திருந்தது.

சட்டைப்பையில் போன் அடித்தது.

"ஏனுங்க." ஜோதி. பின்னால் யாரோ ஓடும் சத்தம். டிராலிச் சக்கரத்தின் சத்தம். "ஏனுங்க, கேக்குதா? தண்ணி ஒரு சொட்டும் இல்லீங்கறாங்க. அது மட்டுமில்லீங்க. மறுக்கா மறுக்கா வெச்சுப் பாக்கறாங்க. உள்ள..." அவள் மூச்சு வாங்கினாள். "உள்ள ஒண்ணுமே இல்லீங்கறாங்க. கொழந்தையே இல்லீங்கறாங்க. வயிறு அப்படியே இருக்குது. உள்ள..."

கூரையில் மழை நின்றிருந்தது. விளக்கு அசையாமல் எரிந்தது. குணசீலன் போனைக் காதில் வைத்தபடியே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

தண்ணீரின் இடது பக்கம், மேல்தோல் மாதிரி இறுகியிருந்த அந்தப் பரப்பை, சுண்டைக்காய் அளவில் ஏதோ ஒன்று உள்ளிருந்து அழுத்தியது. எழும்பியது. மெதுவாக நகர்ந்தது. ஓரத்துக்குப் போய் அடங்கியது.

திரும்பவும் எழும்பியது. அவர் பக்கமாக.